லயத்து வாசல் கருங்கல் காந்தக்கல்லா?

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்ததால், மற்றவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். முனியாண்டி கோவில் மேட்டிலிருந்து தேங்காய் அளவில் ஒரு கருங்கல்லை எடுத்து வந்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் போட்டிருந்தார். நாற்பது வருடம் அது அங்கேயே கிடந்தது. தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்தபோது கல் உங்களிடம் வந்தது. கைப்பேசித் திசைகாட்டியை அதன் அருகே கொண்டுபோனால் முள் அரைவட்டம் திரும்பி எதிர்ப்பக்கம் காட்டுகிறது. மறுநாள் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்தீர்கள், ஒட்டியது. ஆனால் ஆணியோ குண்டூசியோ கல்லில் ஒட்டவில்லை. இது காந்தக்கல்லா, விண்கல்லா, என்ன விலை போகும், 2025 ஆகஸ்ட்டில் சிகாமட் குலுங்கியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: யாரும் காந்தம் ஏற்றாத ஒரு கல்லுக்குள் காந்தம் எப்படி வந்தது, இத்தனை காலம் அது ஏன் போகவில்லை?

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். மண்ணியல் படித்து, முதுகலைக்குப் பாறைகளின் காந்தத்தை எடுத்துக்கொண்டேன். அப்புறம் பிழைப்புக்குக் குவாரி, சுரங்கம், ஆழ்குழாய்க் கிணறு என்று இருபது வருடத்துக்கு மேல் அலைந்தேன். உங்கள் கல்லை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. படத்தையும் நீங்கள் எழுதியதையும் வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்று ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். படத்தில் கல்லின் உடைந்த பக்கத்தில் கடுகு அளவுக் குழிகள் தெரிகின்றன. எரிமலைக் குழம்பு ஆறும்போது வாயு வெளியேறிய துளைகள் அவை. விண்கற்களில் இப்படிக் குமிழ்த் துளை இருப்பது மிக அபூர்வம். ஆகவே இது பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல், என்றுதான் சொல்வேன். சிகாமட் வட்டாரத்தில் பசால்ட் கிடைப்பது புதிதும் அல்ல. அங்கே எரிமலைக் குழம்பு வெளிவந்து சுமார் 6 கோடியே 20 லட்சம் ஆண்டு ஆகிறது. விலை கேட்டீர்கள், லோரிக் கணக்கில் சாலைக்குப் போடும் கல் அது. "அபூர்வக் காந்தக்கல், பல ஆயிரம் ரிங்கிட் தருகிறேன், முதலில் கொஞ்சம் முன்பணம் கட்டு" என்று யாராவது வந்தால் கேட்டைச் சாத்துங்கள். நில அதிர்வு பாறையில் பழைய பிளவு வழுக்குவதால் வருவது. கல்லில் இருக்கும் காந்தம் அதைக் கூப்பிடவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது.

இனி விஷயத்துக்கு வருவோம். காந்தம் ஒட்டுகிற கல் எல்லாம் காந்தம் அல்ல. ஆணியை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டும், ஆனால் ஆணி இன்னொரு ஆணியை இழுக்காது. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை மட்டும் ஆணியும் காந்தமாகிறது. எடுத்ததும் அநேகமாக எல்லாம் போய்விடும். இது தூண்டப்பட்ட காந்தம். பூமியே ஒரு காந்தம் என்பதால், இரும்புக் கனிமம் உள்ள ஒவ்வொரு கல்லிலும் இந்தத் தூண்டல் எந்நேரமும் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்கு மேல், சில கற்களில் யாருடைய தயவும் இல்லாமல் நிற்கும் சொந்தக் காந்தம் ஒன்றும் உண்டு. பூமியின் காந்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டாலும் அது இருக்கும். எஞ்சிய காந்தம் என்று அதைச் சொல்கிறோம். பசால்ட்டில் பெரும்பாலும் இந்த எஞ்சியது தூண்டப்பட்டதைவிடப் பெரியது. கிரானைட்டில் பெரும்பாலும் நேர்மாறு. உங்கள் ஸ்பீக்கர் காந்தம் ஒட்டியதிலிருந்து தெரிவது, கல்லில் மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடு இருக்கிறது என்பது மட்டுமே. கல் தானே காந்தமா என்பதற்கு அது பதில் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேரா மாநிலத்தில் ஓர் அமாங் ஆலையில் சில மாதம் இருந்தேன். ஈயச் சுரங்கத்தில் வெள்ளீயத்தை எடுத்தபின் மிஞ்சும் கருமணலைத்தான் அமாங் என்பார்கள். அங்கே பெரிய மின்காந்த உருளைகளில் மணலை ஓடவிட்டு இல்மனைட் என்ற கனிமத்தை ஒரு பக்கமும், சிர்க்கோன் என்ற கனிமத்தை இன்னொரு பக்கமும் பிரிப்பார்கள். ஆலையில் எல்லோரும் இல்மனைட்டைக் 'காந்த மணல்' என்றே சொல்வார்கள். ஆனால் சுத்தமான இல்மனைட் நம் ஊர்ச் சூட்டில் துளிகூடச் சொந்தக் காந்தம் வைத்துக்கொள்ளாது. பலமான காந்தம் இழுத்தால் வரும், விட்டால் மறந்துவிடும். ஒட்டுவது வேறு, நினைவு வைத்திருப்பது வேறு என்று எனக்கு முதலில் புரிந்தது புத்தகத்தில் அல்ல, அந்த உருளைக்குப் பக்கத்தில்தான்.

சரி, கல்லுக்கு நினைவு எப்படி வருகிறது? பசால்ட் குழம்பு வெளியே வரும்போது 1,100 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். ஆறி, ஏறக்குறைய 1,000 பாகைக்குள் முழுக்கக் கெட்டியாகிவிடும். அப்போதும் அதற்குள் காந்தம் கிடையாது. மேக்னடைட்டுக்கு 580 பாகை என்று ஒரு வரம்பு இருக்கிறது. கியூரி வெப்பநிலை என்பார்கள். அதற்கு மேல் அதன் அணுக்களின் சின்னச் சின்னக் காந்தங்கள் சந்தைக் கூட்டம் மாதிரி ஆளுக்கொரு திசையில் நிற்கும். வரம்புக்குக் கீழே இறங்கியதும் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. எந்தத் திசை என்பதைக் கொஞ்சமாகத் தீர்மானிப்பது அந்த நேரத்தில் அந்த இடத்தில் உள்ள பூமியின் காந்தம். இன்னும் சில பாகை ஆறியதும் அந்தத் தீர்மானம் உறைந்துவிடுகிறது. இதில் ஒரு பொதுவான தவறு நடக்கும், ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்: குழம்புக்குள் காந்தத் துகள்கள் நீந்தித் திரும்பி வடக்கு நோக்கி நிற்கின்றன என்று. இல்லை. 580 பாகைக்கு வரும்போது பாறை எப்போதோ கெட்டியாகிவிட்டது. துகள் ஒரு மயிரிழைகூட அசைய முடியாது. திரும்புவது துகளுக்குள் இருக்கும் காந்தத் திசை மட்டுமே.

துகளே திரும்புவது, தண்ணீருக்கடியில் சேறாகப் படியும் படிவங்களில். பால்மரக் காலத்துத் தோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஸ்டோரில் தட்டுத் தட்டாக ரப்பர்ப் பாலை ஊற்றி ஆசிட் கலந்து வைப்பார்கள். உறைவதற்கு முன் மேலே ஒரு காய்ந்த இலைத் துணுக்கு விழுந்தால், காற்றடிக்கும் பக்கம் மெல்லத் திரும்பும். உறைந்தபின் எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கமே ஷீட்டில் பதிந்துபோகும். மிஷினில் அரைத்தாலும் தடம் தெரியும். ஏரியின் அடியில் சேறு படிவதும் அப்படித்தான். மலையிலிருந்து அடித்துவந்த மேக்னடைட் துகள் அமைதியான தண்ணீரில் இறங்கும்போது திசைகாட்டி முள் மாதிரி கொஞ்சம் திரும்பி விழும். மேலே மேலே சேறு அழுத்தத் தண்ணீர் பிழிந்து வெளியேறி, திசை இறுகிவிடும். பசால்ட்டோடு ஒப்பிட்டால் இந்தக் காந்தம் பல நூறு, பல ஆயிரம் மடங்கு பலவீனமானது. ஆனாலும் ஏரிச் சேறு ஆண்டாண்டாகத் தொடர்ச்சியாக எழுதிய கணக்குப் புத்தகம். எரிமலையோ வெடித்த நாளில் மட்டும் எழுதியது. இந்தக் கணக்கில் பிழையும் உண்டு. தட்டையான துகள்கள் படுத்துக்கொள்வதால், மேல்கீழ்ச் சாய்வு உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகப் பதியும். புழுக்கள் சேற்றைக் கிளறினால், பதிவு படிந்த காலத்துக்கு அல்ல, கிளறி முடிந்த காலத்துக்கு உரியதாகிவிடும். எவ்வளவு ஆழத்தில் திசை இறுகுகிறது என்பதில் இந்தத் துறைக்காரர்களிடையே இன்றும் சண்டை ஓயவில்லை.

சேற்றில் காந்தம் விழுவதற்கு உயிருள்ள காரணமும் உண்டு. தன் உடம்புக்குள்ளேயே மேக்னடைட் மணிகளை மாலை மாதிரி கோத்து வைத்திருக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் அவற்றைக் கவனித்தது. அவை செத்தபின் அந்த மணிகள் சேற்றில் தங்கிவிடும். வடக்கு நாடுகளில் இந்தப் பாக்டீரியாக்கள் வடக்கு நோக்கி நீந்தும், தெற்கு நாடுகளில் தெற்கு நோக்கி. காந்த நடுக்கோட்டை ஒட்டிய பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் பார்த்தபோது இரண்டு கட்சியும் ஏறக்குறைய சரிபாதி இருந்தன. வடக்கு, தெற்கு என்பதைவிடக் கீழே இருக்கும் சேற்றுக்குப் போவதுதான் அவற்றுக்கு முக்கியம் என்பது வழக்கமான விளக்கம். நடுக்கோட்டில் காந்தக் கோடுகள் படுக்கையாகக் கிடப்பதால் எந்தக் கட்சிக்கும் லாபமில்லை. நாமும் நடுக்கோட்டுக்காரர்கள்தான். இது பின்னால் தேவைப்படும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டீர்கள். இதற்கு நல்ல பதில் தந்தவர் பிரான்ஸ் நாட்டு லூயி நீல். 1949இல் அவர் சொன்னதன் சாரம், துகளின் அளவுதான் எல்லாம் என்பது. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மேக்னடைட் மணி ஒன்று, அறைச் சூட்டில் பூமியின் வயதைவிட நீண்ட காலம் தன் திசையைக் காப்பாற்றும். அதிலும் பாதிக்குக் கீழே, இன்னும் கொஞ்சம் சிறுத்தால், அதே கனிமம் சில நொடிகளில் மறந்துவிடும். ஒரே கல்லுக்குள் இரண்டு வகையும், நடுவில் உள்ள எல்லா வகையும் கலந்துதான் இருக்கும். ஆகவே ஒரு கல்லில் இருப்பது ஒரு காந்தம் அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. கெட்டியான மணிகளில் குழம்பு ஆறிய நாளின் திசை இருக்கும். நடுத்தர மணிகளில் பின்னால் பட்ட சூட்டின் அல்லது ரசாயன மாற்றத்தின் திசை. இளகிய மணிகளில், தாத்தா வாசலில் நாற்பது வருடம் அசையாமல் கிடந்தபோது இன்றைய வடக்கு மெல்ல ஊறியிருக்கும். இந்த ஊறிய பகுதியை வைத்தே, ஜப்பானில் சுனாமி புரட்டிப்போட்ட பாறைகள் எப்போது புரண்டன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அடுக்குகளை உரிப்பதுதான் ஆய்வுக்கூடத்தின் வேலை. பூமியின் காந்தம் உள்ளே வராதபடி மறைத்த அடுப்பில் கல்துண்டை 100 பாகைக்குச் சூடாக்கி ஆறவிட்டு அளப்போம். அப்புறம் 150, 200 என்று 600 வரை. ஒவ்வொரு படியிலும் இளகியது கழன்று போகும். கடைசியில் திசை மாறாமல், அளவு மட்டும் குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யத்தில் முடிந்தால் அதுதான் ஆதித் திசை என்று எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னேனே தவிர, அதுதான் என்று சத்தியம் செய்யவில்லை. பாறை பிறந்து பல கோடி ஆண்டு கழித்து மலைக்குள் சூடான நீர் ஓடிப் புதுக் கனிமம் விளைந்திருந்தால், அதுவும் கெட்டியான நினைவாகவே வந்து நிற்கும். நம் நாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானது.

இப்போது உங்கள் கல்லுக்கு வருகிறேன். அரைவட்டம் திரும்பியது என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். நம் பக்கம் பூமியின் காந்தப் பலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா. சாதாரண பசால்ட் உருண்டை ஒன்றின் மேல்தோலில், அதன் சொந்தக் காந்தம் மூன்று நான்கு மைக்ரோடெஸ்லாதான் தரும். உருண்டை எலுமிச்சை அளவோ பூசணி அளவோ, தொட்டுப் பார்க்கும் இடத்தில் பலம் ஒன்றுதான். இது கணக்கில் வரும் ஒரு வேடிக்கை. அந்த மூன்று நான்கு முள்ளை ஐந்தாறு பாகை திருப்பும், அவ்வளவே. அரைவட்டம் திரும்ப வேண்டுமானால் கல் பூமியையே தோற்கடிக்க வேண்டும், அதாவது சாதாரணத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். குழம்பு ஆறியபோது வாங்கிய நினைவு மட்டும் அவ்வளவு கொடுக்காது.

கைப்பேசி பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால் என் ஊகம் இடி. கல் கோவில் மேட்டிலிருந்து வந்தது என்று நீங்கள் எழுதியதை மறக்க முடியவில்லை. தோட்டத்தில் மேட்டுக் கோவிலும், பக்கத்தில் நிற்கும் ஒற்றை மரமும் இடிக்குத் தோதான இடம். மின்னலில் ஓடும் மின்சாரம் 30,000 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து பத்து செண்டிமீட்டரில் காந்தப் பலம் 60 மில்லிடெஸ்லா. பூமியின் பலத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். நொடியின் மிகச் சிறிய பகுதிக்குத்தான் என்றாலும் கல் மறுபடி எழுதப்பட அது போதும். இயற்கைக் காந்தக்கற்களே இப்படித்தான் பிறந்தன என்று ஒரு கருத்து உண்டு. நாசாவில் இருந்த பீட்டர் வாசிலெவ்ஸ்கி, மேக்னடைட் துண்டுகளை இடி விழ ஏற்பாடு செய்த இடத்தில் வைத்துச் சோதித்தே பார்த்தார். வெறும் மேக்னடைட் போதாது, அதற்குள் மேக்மைட் என்ற கனிமம் ஊடுருவியிருக்க வேண்டும், அப்புறம் இடி விழ வேண்டும் என்பது அவர் தரப்பு. நல்ல வாதம்தான். உலகத்துக் காந்தக்கல் அனைத்துக்கும் அதுவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கல் அந்த வகை அல்ல. காந்தக்கல் என்றால் குண்டூசியைத் தூக்க வேண்டும். பசால்ட்டில் மேக்னடைட் சில சதவீதமே. இடியே விழுந்தாலும் முள்ளைத் திருப்பும், ஊசியைத் தூக்காது. நீங்கள் சொன்ன அடையாளங்களோடு இது பொருந்துகிறது.

இதைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். கைப்பேசியை விடுங்கள், அதன் உறையிலேயே காந்தம் இருக்கலாம். சாரணர் இயக்கத்துப் பையன்களிடம் இருக்கும் சாதாரண முள் திசைகாட்டியை மர மேசையில் வையுங்கள். கல்லை முள்ளுக்குக் கிழக்கே, முள் கொஞ்சம் அசையும் தூரத்தில் வைத்து, அந்த இடத்திலேயே மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முள் ஒரு முறை கல் பக்கமும், ஒரு முறை எதிர்ப்பக்கமும் போனால் கல்லுக்குச் சொந்தத் துருவங்கள் இருக்கின்றன. எப்படிச் சுற்றினாலும் ஒரே பக்கமே சாய்ந்தால் அது வெறும் தூண்டல். இழுப்பது எதற்கும் சாட்சியல்ல, தள்ளுவதுதான் சாட்சி.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்பீக்கர் காந்தம் பட்ட இடத்தில் நீங்களும் கல்லின்மேல் எழுதிவிட்டீர்கள். அதன் பலம் பூமியைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். இளகிய அடுக்குகள் எல்லாம் இப்போது ஸ்பீக்கர் திசையில் இருக்கும். விண்கல் வியாபாரிகளும் சேகரிப்பவர்களும் பலமான காந்தத்தை ஒட்டிப் பார்த்தே எத்தனையோ கற்களின் பதிவை அழித்திருக்கிறார்கள். செவ்வாயிலிருந்து வந்து சஹாராவில் கிடைத்த 'பிளாக் பியூட்டி' கல்லுக்கும் இதே கதிதான் என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு நாற்பது வருடத்துக்கு முன்பே நடந்துவிட்டது, அதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. தாத்தா கல்லைத் தூக்கிய அந்த நொடியில்தான். இந்தத் துறையில் காந்தத்தின் பலத்துக்கு இரண்டாம் இடம்; திசைக்குத்தான் மதிப்பு. கல் ஒரு திசையைக் காட்டுகிறது, சரி. ஆனால் அது கிடந்த இடத்தில் எந்த முகம் மேலே இருந்தது, எந்த விளிம்பு வடக்கே இருந்தது என்று தெரியாவிட்டால் அந்தத் திசை எதைக் குறிக்கிறது? கைகாட்டி மரத்தைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த கதை. பெயர் படிக்கலாம், வழி தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதுகலை நாளில் கிழக்குக்கரையில் ஒரு பசால்ட் குவாரியில் மூன்று நாள் துளை போட்டேன். பெட்ரோலில் ஓடும் கைத்துளைப்பான், தண்ணீர் விட்டுக்கொண்டே போட்டால் விரல் தடிமனுக்குக் கொஞ்சம் மேலே ஓர் உருளை வரும். உடைத்து எடுப்பதற்கு முன் பித்தளைக் குழாயைச் செருகி, அதிலிருக்கும் பிளவு வழியாகக் கம்பியால் கோடு கீறி, அந்தக் கோடு எந்தத் திசை, எவ்வளவு சாய்வு என்று எழுத வேண்டும். நான் திசைகாட்டியைப் பாறைமேலேயே வைத்து எழுதிக்கொண்டே போனேன். கூடம் திரும்பி அளந்தால் ஒரே பாறையின் துண்டுகள் இருபது முப்பது பாகை விலகி ஆளுக்கொரு வடக்கு சொல்கின்றன. என்னை மேற்பார்த்தவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நிழல் எங்கே?" காந்தப் பாறையின் தலைமேல் காந்த முள்ளை வைத்தால் முள் பாறை பேச்சைத்தான் கேட்கும். சூரியனின் நிழலை அளந்து, மணியையும் இடத்தையும் வைத்து வடக்கைக் கணக்கிட்டிருக்க வேண்டும். அதுவும் நம் நாட்டில் காலை பத்துக்குள். மார்ச், செப்டம்பர் நண்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது; மத்தியானத்துக்கு மேல் மழை. மறுபடி போனேன். குவாரியில் பாதி முகத்தை அதற்குள் வெடி வைத்து எடுத்துவிட்டார்கள்.

திசை தெரிந்த கற்கள் என்னென்ன சொல்லியிருக்கின்றன என்று பார்த்தால் இந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியும். 1906இல் பிரான்ஸில் பெர்னார் புருன் ஒரு எரிமலைக் குழம்பையும், அதன் அடியில் வெந்த களிமண்ணையும் அளந்தார். இரண்டும் இன்றைய வடக்குக்கு நேர் எதிரே காட்டின. பூமியின் காந்தமே ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது என்றார். ஜப்பானில் மொத்தோனோரி மத்துயாமா 1929இல், அந்தத் தலைகீழ்க் காலம் எப்போது என்று வரிசைப்படுத்தத் தொடங்கினார். கடைசித் தலைகீழ் மாற்றம் சுமார் 7 லட்சத்து 73 ஆயிரம் ஆண்டுக்கு முன்பு நடந்தது. நம் கிழக்குக்கரையில் உள்ள குவாந்தான் பசால்ட்டுக்குக் கணக்கிட்ட வயது 16, 17 லட்சம் ஆண்டு. அந்த வயது சரியென்றால் அது ஆறியபோது திசைகாட்டி முள் தெற்கே காட்டியிருக்க வேண்டும். எல்லாத் தலைகீழ்க் கல்லும் பூமி புரண்டதால்தானா என்றால், இல்லை. ஜப்பானின் ஹருனா எரிமலைக் கல்லைக் கூடத்தில் சூடாக்கி ஆறவிட்டால் அது தானாகவே எதிர்த்திசையில் காந்தமாகிறது. இது அபூர்வம், ஆனால் உண்மை. ஒரு கல்லை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டிய கதை தக்காணத்துடையது. 1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் எட்வர்ட் இர்விங் என்ற மாணவர் தக்காணப் பீடபூமியின் பசால்ட்டை அளந்தார். நடுக்கோட்டிலிருந்து விலக விலகக் காந்த முள்ளின் மேல்கீழ்ச் சாய்வு கூடும். கல்லில் பதிந்திருந்த சாய்வு, அந்தக் குழம்பு ஆறியபோது இந்தியா நடுக்கோட்டுக்கு வெகு தெற்கே இருந்தது என்று காட்டியது. கண்டங்கள் நகர்கின்றன என்பதை அப்போது பலர் நம்பவில்லை. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடும் ஏற்கப்படவில்லை. பின்னால் அவர் சொன்னதே நின்றது. நம் பாட்டன்மார் கப்பலேறி வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டு முன்பே அவர்கள் ஊர் ஒரு கடல்பயணம் போய் வந்திருக்கிறது.

மலாயா விஷயம் அவ்வளவு சுத்தமாக முடியவில்லை. 1974இல் மெக்கெல்ஹினி, ஹேய்ல், க்ராஃபோர்ட் மூவரும் பாறைக் காந்தத்தை வைத்து, இந்தத் தீபகற்பம் கோண்டுவானா என்ற பழைய தென்கண்டத்தின் பகுதி அல்ல என்று எழுதினார்கள். இன்றைய பொதுக் கருத்து வேறு: பெந்தோங், ரவூப் ஊர்கள் வழியாக ஓடும் தையல் கோட்டுக்கு (இரண்டு நிலத்துண்டுகள் ஒட்டிய எல்லைக்கு) மேற்கே உள்ள பாதி கோண்டுவானாவிலிருந்து பிரிந்து வந்தது, கிழக்குப் பாதியின் கதை தனி. லங்காவியில் பனிக்கட்டி சுமந்து வந்து போட்ட கற்கள் கடல் சேற்றில் புதைந்திருப்பது இதற்குப் பெரிய சாட்சி. காந்தம் ஏன் இங்கே தடுமாறுகிறது? நடுக்கோட்டுச் சிக்கல்தான் ஒரு பங்கு. நம் அட்சரேகையில் சராசரிச் சாய்வு ஐந்து பாகைதான் வரும். முள் ஏறக்குறைய படுத்தே கிடப்பதால், வடகோளமா தென்கோளமா, நேர்க் காலமா தலைகீழ்க் காலமா என்று சாய்வை வைத்துப் பிரிக்க முடியாது. அதோடு நிலமும் சுழன்றிருந்தால் கேட்கவே வேண்டாம். தீபகற்பம் எவ்வளவு சுழன்றது, எந்தப் பக்கம் சுழன்றது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

லயத்துச் செம்மண்ணைக் காந்தத்தால் துழாவினால் தூள் ஒட்டுகிறது, காட்டுப்பக்கத்து மண்ணில் அவ்வளவு இல்லை என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அது நல்ல கவனிப்பு. சிவப்பு நிறம் தரும் ஹேமடைட் காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது. ஆனால் செம்மண்ணிலும் மஞ்சள் மண்ணிலும் உள்ள இரும்புத் துரு, இலைதழையோடு சேர்ந்து நெருப்பில் வெந்தால் மேக்மைட்டாக மாறும். அது நன்றாக ஒட்டும். லயத்தில் விறகு அடுப்பு, குப்பை எரித்த இடம், மறுநடவுக்கு மரம் சாய்த்துக் கொளுத்திய இடம் என்று எத்தனை நெருப்பு எரிந்திருக்கும்! பழைய குடியிருப்புகளைத் தேடும் தொல்லியல்காரர்கள் இதை வைத்தே அடுப்பிருந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். லயங்களை இடித்துச் செம்பனை வைத்துவிட்டாலும் பாட்டி அடுப்பு எங்கே இருந்தது என்று அந்த மண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக, அந்த மேட்டில் தாய்ப்பாறை இன்னும் இருக்கிறது, தாத்தா உடைத்தெடுத்த வடுகூடத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கதை முடியவில்லை. கல்லின் உடைந்த முகம் அந்த வடுவில் பொருந்தினால் திசை திரும்பக் கிடைத்துவிடும். பொருத்திப் பிடித்து, மேல்முகத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதன் நிழல் கோணத்தைப் படம் எடுத்து, மணியை நிமிடத்தோடு எழுதுங்கள். பாறையைச் சுற்றி ஒவ்வொரு மீட்டரிலும் முள் எந்தப் பக்கம் போகிறது என்றும் குறித்து வாருங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி முள் வட்டமாகத் திரும்பினால் இடி இறங்கிய இடம் அதுதான். காலை பத்துக்குள் போங்கள். தோட்ட ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பாராங் கத்தியை வண்டியிலேயே வைத்துவிட்டு மேடேறுங்கள். இடுப்பில் அது தொங்கினால் முள் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.